பழைய கட்டடத்து மர ஜன்னல்: மாற்றப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் போருக்கு முந்தைய கடைவீடுகளும் தோட்டத்துத் துரைமார் பங்களாக்களும் இன்னும் நிற்கின்றன. மேல்மாடி மர ஜன்னல் கொஞ்சம் ஆட்டம் கண்டால் போதும், "அலுமினியம் போட்டா எவ்வளவு ஆகும்?" என்று விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலாவது, கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்பது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜார்ஜ்டவுன், மலாக்கா ஆட்களுக்குத்தான் இந்தக் கவலை எல்லாம் என்று நம் பக்கத்தில் நினைக்கிறார்கள். ஆனால் 2005ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரியச் சட்டம் நாடு முழுவதற்குமானது. அதன்படி பதிவான கட்டடத்தில் அனுமதி இல்லாமல் கை வைப்பது குற்றம். பட்டியலில் இல்லாத கட்டடமாக இருந்தாலும் முகப்பை மாற்றுவதற்கு முன் உள்ளூராட்சியைக் கேட்டுவிடுவது நல்லது. சுங்கை சிப்புட்டுக்கு அது கோல கங்சார் நகராண்மைக் கழகம். "ஜன்னல்தானே அண்ணே, யாரு பார்க்கப் போறா?" என்று வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் சொல்வார். அபராதம் வந்தால் அவர் கட்டமாட்டார். கழகத்தின் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அடுத்தது, கீழே உளுத்ததைப் பார்த்துவிட்டு முழு ஜன்னலையும் கழற்றிப் போடுவது. பழைய நல்ல ஜன்னல் கதவுகள் பெரும்பாலும் செங்கால் மரம். நன்றாகக் காய்ந்த பிறகும் கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் நிற்கிற மரம் அது, கரையானுக்கு லேசில் மசியாது. ஒரு திருப்புளியை எடுத்து மேலிருந்து கீழே குத்திக்கொண்டே வாருங்கள். பக்கச்சட்டங்களில் முனை இறங்காது. அடிச்சட்டத்துக்கு வந்ததும், அதுவும் இரண்டு மூலைகளில், புளுக்கென்று உள்ளே போகும். நீர் தேங்கும் இடம் அதுதான். உளுத்த துண்டை மட்டும் அறுத்தெடுத்து, அதே மரத்தில் சாய்வாக ஒட்டுப் போட்டால் போதும். அறுப்பின் சரிவு வெளிப்பக்கம் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுக்குள்ளேயே மழைநீர் நிற்கும். கதவு ஆடுவதற்குக் காரணம் சில நேரம் கீல் திருகாணி தளர்ந்ததாகவே இருக்கும். அதற்கு மரவேலைகூடத் தேவையில்லை.

உளுத்ததை மாற்றிவிட்டு, ஏன் உளுத்தது என்று பார்க்காமல் விடுவதும் உண்டு. மேலே கூரைத் தண்ணீர் வடியும் பீலி அடைத்திருக்கும். அல்லது சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் நிலையைச் சுற்றி யாரோ சிமெண்டு பூசியிருப்பார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்டு அதைப் பிடித்து மரத்தின் பக்கமே தள்ளும். அந்தச் சிமெண்டை எடுக்காமல் எவ்வளவு உயர்ந்த மரம் போட்டாலும் வீண். ஜன்னலின் கீழ்ப்படிக்கு அடியில் ஒரு சிறு வரிப்பள்ளம் இருக்கும், நீர் சுவருக்கு ஓடாமல் சொட்டிவிடுவதற்காக. பெயிண்டு அடிப்பவர்கள் அதை அழகாக அடைத்துவிட்டுப் போவார்கள்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றால் மரத்தில் ஏமாறாதீர்கள். ரப்பர் ஊர்தானே, ரப்பர் மரப்பலகை மலிவாகக் கிடைக்குமே என்று ஆரம்பிப்பார்கள். நாற்காலி மேசைக்கு அது நல்ல மரம். வெயிலும் மழையும் படும் ஜன்னலுக்கு ஆகாது, பூசணமும் பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும். செங்காலே ஆனாலும் சரியாகக் காயாத பச்சை மரமாக இருந்தால் மாட்டிய பிறகு சுருங்கி மூட்டு விடும். ஒரு ஜன்னலை அளந்து எல்லாவற்றுக்கும் அதே அளவைக் கொடுப்பதும் வேண்டாம். பழைய சுவரில் எந்த இரண்டு திறப்பும் ஒன்றாக இருக்காது, ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை குறுக்களவும் எடுக்க வேண்டும்.

சாய்வான சிறு பலகைகளை இடைவெளி விட்டு அடுக்கிய சாய்பலகை ஜன்னலுக்குப் பதிலாக இழுத்துத் திறக்கும் கண்ணாடி ஜன்னல் போடுகிறவர்களைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. சாய்பலகை மழையைத் தடுத்துக் காற்றை விடும், சாத்தியிருந்தாலும் அறை மூச்சு முட்டாது. இழுப்புக் கண்ணாடி முழுதாகத் திறந்தாலும் பாதித் திறப்புதான் கிடைக்கும். மழை வந்தால் அதையும் மூட வேண்டும், அப்புறம் ஏர்கோன் பில்லைப் பார்த்துத் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

பழைய பெயிண்டைக் காய்ந்தபடியே உப்புத்தாளால் தேய்க்கவோ தீ காட்டிச் சுரண்டவோ விடாதீர்கள். அந்தக் காலத்துப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். தூசியும் புகையும் நச்சு, குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. நீர் தெளித்து ஈரமாகவே சுரண்டச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் பிள்ளைகளை விடவேண்டாம். பித்தளைத் தாழ்ப்பாள், கீல், லேசாக நெளிந்து தெரியும் பழைய கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றியதும் எந்த ஜன்னலுடையது என்று எண் போட்டு உள்ளே பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் வேலை முடிவதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.