யூதப் பண்டிகைகளைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமய ஒப்பியல் வகுப்பில் இவ்வாண்டு ‘ஒரு யூதப் பண்டிகையின் நோக்கமும் பொருளும்’ என்ற தலைப்பில் கட்டுரை கேட்டிருந்தேன். வந்து சேர்ந்த 22 கட்டுரைகளில் 14 ஹனுக்காவைப் பற்றியவை. அவற்றில் 9 கட்டுரைகள், ‘ஹனுக்கா என்பது யூதர்களின் தீபாவளி’ என்ற வாக்கியத்தோடு தொடங்கின. அந்த வாக்கியம் எனக்குப் புதிதன்று. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் நானே எழுதியது. மாணவர்கள் அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பெயர்களின் எழுத்துக்கூட்டல், மாதங்களின் வரிசை போன்ற பிழைகளை அவரவரே கண்டு திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நான் செய்து, இப்போது பிறரும் செய்யக் காண்கிற தவறுகள் மட்டும் கீழே உள்ளன.

‘ஏன் கொண்டாடுகிறார்கள்?’ என்பதற்கு ஒரே விடை தேடுவது

நான் மிகுந்த விலை கொடுத்த தவறு இதுதான். ஒரு பண்டிகைக்கு ஒரு கதை, அந்தக் கதைக்கு ஒரு நீதி, அந்த நீதியே பண்டிகையின் நோக்கம் என்று நாம் பள்ளிப் பருவம் முதல் எழுதிப் பழகிவிட்டோம். ஹனுக்காவுக்கு நான் கொடுத்த விடை இது: எருசலேம் ஆலயத்தில் ஒரு நாளுக்கு மட்டுமே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது, ஆகவே எட்டு நாள் விளக்கேற்றுகிறார்கள். தமிழ் வாசகருக்கு எளிதாகப் புரியட்டும் என்று ‘யூதர்களின் தீபாவளி’ என்பதையும் சேர்த்தேன். அது ஒரு பாடநூலில் இடம்பெற்று மூன்று பதிப்புகள் கண்டது. இரண்டாம் பதிப்புக்கு முன்பே பதிப்பாளருக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். பக்கம் கோத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. பின்னர் ஒரு தேர்வில், ‘யூதர்களின் தீபாவளி என அழைக்கப்படுவது எது?’ என்று ஒரு மதிப்பெண் வினாவாகவும் அது கேட்கப்பட்டது. விடைத்தாள் திருத்தும் மேசையில் அந்த வினாவைப் பார்த்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மூல நூல்களை வரிசையாகப் படித்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டேன். சிரியாவை ஆண்ட கிரேக்க வழிவந்த செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கு தீட்டுப்படுத்திய ஆலயத்தை யூதா மக்கபேயும் அவன் சகோதரரும் மீட்டு, கி.மு. 164-இல் யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள் பலிபீடத்தை மறுபடியும் அர்ப்பணித்தார்கள். ஹனுக்கா என்ற எபிரேயச் சொல்லுக்கே அர்ப்பணிப்பு, பிரதிஷ்டை என்பதுதான் பொருள். இந்நிகழ்ச்சியைச் சொல்லும் மக்கபேயர் முதல் நூலில் எட்டு நாள் விழா இருக்கிறது. எண்ணெய் அற்புதம் இல்லை. மக்கபேயர் இரண்டாம் நூல் வேறொரு காரணம் கூறுகிறது: போர்க்காலத்தில் மலைகளிலும் குகைகளிலும் அலைந்ததால் முறையாகக் கொண்டாட முடியாமற்போன கூடாரப்பண்டிகையைப் போலவே, அவர்கள் இந்த எட்டு நாளையும் மகிழ்ச்சியோடு கொண்டாடினார்கள். முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பு இதனை ‘விளக்குகள்’ என்ற பெயரால் குறிப்பிட்டு, எதிர்பாராத நேரத்தில் வழிபாட்டு உரிமை ஒளிபோலத் தோன்றியதால் அப்பெயர் வந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார். அவரும் எண்ணெயைச் சொல்லவில்லை. தலைமைக் குருவின் முத்திரையிட்ட ஒரேயொரு எண்ணெய்க் குப்பியின் கதை, இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டு பிந்தித் தொகுக்கப்பட்ட பாபிலோனியத் தல்மூது என்னும் யூதச் சட்ட விளக்க நூலில் வருகிறது.

மக்கபேயர் நூல்கள் இரண்டும் கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்தில் உள்ளன. சீர்திருத்தச் சபையார் பயன்படுத்தும் வேதாகமத்தில் இல்லை. நான் படித்து வளர்ந்தது பின்னதைத்தான். அங்கே யோவான் சுவிசேஷம் பத்தாம் அதிகாரத்தில் வருகிற தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகைதான் ஹனுக்கா என்பதைக்கூட நெடுநாள் கழித்தே தெரிந்துகொண்டேன். தன் கையிலுள்ள நூலில் என்ன இல்லை என்பதை அறியாமல் எழுதுகிறவர் எவரும் இந்தக் குழியில் விழுவார்.

இவற்றில் எது ‘உண்மையான’ காரணம் என்று மாணவர் கேட்கிறார்கள். ஒவ்வொரு காலத்து மக்களும் தங்களுக்குத் தேவையான பொருளை அதே எட்டு நாளுக்குள் கண்டிருக்கிறார்கள் என்பதுதான் நாம் எழுத வேண்டிய செய்தி. கி.பி. 70-இல் ஆலயம் இடிந்தது. ரோமருக்கு எதிராக 132 முதல் 135 வரை நடந்த பார் கொக்பா கிளர்ச்சியும் பேரழிவில் முடிந்தது. அதற்குப் பின்வந்த, யூதச் சமய அறிஞரான ரபிகள் வாளை விட விளக்கையே முன்னிறுத்த விரும்பியிருப்பார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஹனுக்கா வாரத்து ஓய்வுநாளில் வாசிக்கப்படும் சகரியாவின் பகுதியில், ‘பலத்தினாலும் அல்ல, பராக்கிரமத்தினாலும் அல்ல’ என்ற வசனம் இருப்பதைக் கவனியுங்கள். ஆனால் அதே நாட்களின் தனி மன்றாட்டு, வலியோரை எளியோர் கையிலும் பலரைச் சிலர் கையிலும் ஒப்புக்கொடுத்ததற்காக இறைவனைப் போற்றுகிறது. எண்ணெயைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. இருபதாம் நூற்றாண்டில், யூதர்களுக்கென ஒரு நாடு வேண்டிய சீயோனிய இயக்கத்தார் மக்கபேயரின் போர்த்திறத்தை மீண்டும் மேலே கொண்டுவந்தார்கள்; 1932-இல் தொடங்கிய விளையாட்டுப் போட்டிக்கு மக்காபியா என்றே பெயர் வைத்தார்கள். அமெரிக்காவிலோ, கிறிஸ்துமஸ் காலத்தை ஒட்டி வருவதால், பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் பெருகியது. யூதச் சமயச் சட்டப்படி ஹனுக்கா வேலைத்தடை இல்லாத சிறு பண்டிகை என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தீபாவளி ஒப்பீட்டின் குறையை எனக்கு உணர்த்தியது ஒரு விளக்கு. மும்பையில், பெனே இஸ்ராயேல் என்னும் இந்திய யூதச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் ஹனுக்காவின் ஐந்தாம் நாள் மாலை என்னை அழைத்திருந்தார்கள். எட்டுச் சிறு கண்ணாடிக் குவளைகள் ஒரே மட்டத்தில் இருந்தன. ஒன்பதாவது மட்டும் சற்று உயரத்தில் தனியாக இருந்தது. வீட்டின் மூத்த அம்மையார் அந்த ஒன்பதாவதை ஏற்றி, அதிலிருந்து சுடரெடுத்து, அன்று புதிதாகச் சேர்ந்த இடப்பக்கத்து விளக்கில் தொடங்கி வலப்பக்கமாக ஐந்தையும் ஏற்றினார். பார்த்ததைக் குறித்துக்கொள்ளும் ஆவலில் நான் குறிப்பேட்டை விளக்குகளின் அருகே கொண்டுசென்று குனிந்தேன். அவர் மெல்ல என் கையை விலக்கி, இந்த வெளிச்சம் பார்ப்பதற்கு மட்டுமே, இதைக் கொண்டு எழுதவோ படிக்கவோ கூடாது என்று சொல்லிக் கூடத்து மின்விளக்கைக் காட்டினார்.

பிறகுதான் அந்த விதியைப் படித்தேன். ஹனுக்கா விளக்குகள் அற்புதத்தை ஊரறியச் செய்வதற்கானவை. அதனால்தான் வாசலிலோ தெருவைப் பார்த்த சன்னலிலோ வைக்கிறார்கள். ஆபத்துக் காலத்தில் உள்ளே மேசைமேல் வைத்தால் போதும் என்று தல்மூது அனுமதிக்கிறது. அந்த ஒளியிலிருந்து எந்தப் பயனும் எடுக்கலாகாது. தவறிப் பயன்பட்டாலும் அது ஒன்பதாம் விளக்கின் ஒளியாக இருக்கட்டும் என்றே அதனைத் தனியே வைக்கிறார்கள். பணியாள் என்று பொருள்படும் ‘ஷமாஷ்’ என்பது அதன் பெயர். முதல் நாள் ஒன்று, பிறகு நாளுக்கொன்று கூட்டுவதா, எட்டில் தொடங்கிக் குறைப்பதா என்று பண்டைய யூத ஆசிரியர்களான ஷம்மாயின் பள்ளியும் ஹில்லேலின் பள்ளியும் வாதிட்டதில், புனிதத்தில் ஏறலாமே தவிர இறங்கலாகாது என்ற ஹில்லேலின் பள்ளி வழியே நிலைத்தது. பண்டிகையின் பொருளை அறிய விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டியவை இவைதான்: என்ன செய்கிறார்கள், எந்த வரிசையில் செய்கிறார்கள், எதைச் செய்யலாகாது என்கிறார்கள். ‘யூதர்களின் தீபாவளி’ என்று எழுதிவிட்டால் இந்தக் கேள்விகள் எழவே மாட்டா. போதாக்குறைக்கு, தீபாவளிக்கும் ஒரே காரணம் கிடையாது. தமிழ்நாட்டில் நரகாசுரன், வடக்கே இராமன் அயோத்தி திரும்பியது, சமணருக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்தது என்று அது பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. ஒன்றைச் சரியாக விளக்காமல் அதைக் கொண்டு மற்றொன்றை விளக்க முடியாது.

லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்வது

தமிழ் வேதாகமம் வீட்டில் இருப்பவர்கள் பண்டிகைகளின் பட்டியலுக்கு நேரே இங்கே போகிறார்கள். அதில் தவறில்லை, அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு. அந்த அதிகாரம் பலிபீடம் இருந்த காலத்துக்கான ஒழுங்கு. பாவநிவிர்த்தி நாளில் இன்றும், மக்களின் பாவங்களைச் சுமத்திய போக்காட்டை வனாந்தரத்துக்கு அனுப்புவதாக ஒரு மாணவி எழுதியிருந்தார். கி.பி. 70-க்குப் பிறகு அந்தச் சடங்கு இல்லை. யோம் கிப்பூர் எனப்படும் அந்நாளின் வழிபாட்டில் அதன் விவரிப்பை ஓதுகிறார்கள், அவ்வளவே. பஸ்கா இரவு மேசையிலும் ஆட்டுக்குட்டிப் பலி இல்லை. அதன் நினைவாக வாட்டிய எலும்பு ஒன்று தட்டில் இருக்கும். கெரிசீம் மலையில் இன்றளவும் ஆடு பலியிடுவோர், யூதரிலிருந்து வேறான சமூகத்தாரான சமாரியர்.

வாரங்களின் பண்டிகையான ஷாவுவோத்தை எடுத்துக்கொண்டால் இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரியும். லேவியராகமத்தில் அது அறுவடைக்குப் பின் இரண்டு அப்பங்களைப் படைக்கும் நாள். சீனாய் மலையைப் பற்றிய பேச்சே அங்கில்லை. அந்நாளில்தான் தோரா என்னும் திருச்சட்டம் சீனாயில் அருளப்பட்டது என்பது பின்னர் ரபிகள் வழியே வந்த பொருள். படைக்க ஆலயம் இல்லாதுபோன மக்கள் அந்த இரவு முழுவதும் விழித்திருந்து வேதம் படிக்கிறார்கள். வயல் அறுவடையைச் சொல்லும் ரூத்தின் புத்தகத்தையும் அந்நாளில் வாசிக்கிறார்கள் என்பதால், பழைய பொருளும் கைவிடப்படவில்லை.

தேதி

பண்டிகை முந்தைய நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது. அந்த மாலையைக் குறிப்பிடாத கட்டுரையை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

பஸ்காவை ‘நினைவு நாள்’ என்று எழுதுவது

அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் நாள் என்று எழுதினால் பாதிதான் சரி. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவன் தானே எகிப்திலிருந்து புறப்பட்டவனாகத் தன்னைக் கருதக் கடமைப்பட்டவன் என்று ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா விதிக்கிறது. யாத்திராகமம் 13-ஆம் அதிகாரமும், கர்த்தர் ‘எனக்கு’ச் செய்தது என்றே பிள்ளைக்குச் சொல்லச் சொல்கிறது. பஸ்கா விருந்தான சேதர் இரவின் ஒழுங்கு முழுவதும் இதற்காகவே அமைந்தது. வீட்டில் இளைய பிள்ளை, இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டது என்று கேட்க வேண்டும். புளிப்பில்லாத அப்பத்தையும் கசப்புக் கீரையையும் பற்றிப் பேசிவிட்டு நகர முடியாது. வாயிலிட்டு மென்றாக வேண்டும்.

எகிப்தியரை வென்ற வெற்றி விழா என்று எழுதுகிறவர்களுக்கு நான் காட்டுவது திராட்சைரசக் கிண்ணத்தை. பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது, ஒவ்வொரு பெயருக்கும் சிறுவிரலை நனைத்து ஒரு துளியைத் தட்டில் விடுகிறார்கள். ‘இரத்தம்’ என்னும்போது ஒரு துளி, ‘தவளைகள்’ என்னும்போது ஒரு துளி என்று பத்துச் செந்துளிகள் வெள்ளைத் தட்டில் வரிசையாக நிற்கும். பகைவராயினும் மனிதர் பட்ட துன்பத்தின் நடுவே நம் கிண்ணம் நிறைந்திருக்கலாகாது என்பது பல வீடுகளில் இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

கத்தோலிக்க வாசகருக்கு எழுதும்போது இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். பாஸ்கா என்ற சொல் அவர்களுக்கு உயிர்த்தெழுதல் பெருவிழாவைக் குறிக்கும். எந்தப் பஸ்காவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதல் பத்தியிலேயே தெளிவுபடுத்துவது நல்லது.

எல்லா நாளுக்கும் ‘இனிய வாழ்த்துகள்’ சொல்வது

யோம் கிப்பூர் ஏறத்தாழ 25 மணி நேரம் உணவும் நீரும் இன்றி இருக்கும் நாள். தோல் செருப்பு அணிவதில்லை. பலர் வெள்ளுடை உடுத்துகிறார்கள். நல்ல தீர்ப்பு முத்திரையிடப்படட்டும் என்ற பொருளில்தான் ஒருவரையொருவர் வாழ்த்துகிறார்கள். இறைவனுக்கு எதிரான பாவத்துக்கு அந்த நாள் நிவிர்த்தி தரும். அயலானுக்குச் செய்த குற்றத்துக்கு, அவனைச் சென்று சமாதானப்படுத்தும் வரை தராது என்று மிஷ்னா வரையறுக்கிறது. அதனால் அதற்கு முந்தைய நாட்களில் மக்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார்கள். திஷா பெஆவ் இன்னும் கடினமான நாள். இரண்டு ஆலயங்களும் அழிந்ததற்காகத் தரையில் அமர்ந்து, மங்கிய வெளிச்சத்தில், எரேமியாவின் புலம்பலை ஓதுகிறார்கள். அந்த நாளுக்கு வாழ்த்து அட்டை வடிவமைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அட்டை அச்சாகும் முன் தடுக்க முடிந்தது.

‘யூதர்கள் அனைவரும்’ என்று தொடங்குவது

பஸ்கா இஸ்ரேலில் 7 நாள், வெளிநாடுகளில் மரபு வழுவாதோருக்கு 8 நாள். எத்தியோப்பியாவின் பேத்தா இஸ்ராயேல் யூதர்கள் தங்கள் பழைய வழக்கில் ஹனுக்காவைக் கொண்டாடியதே இல்லை. அவர்களுக்கென்று, யோம் கிப்பூரிலிருந்து 50-ஆம் நாளில், மலையேறி உபவாசமிருந்து வேதம் கேட்கும் சிக்த் என்ற பண்டிகை இருந்தது. 2008-இல் இஸ்ரேல் அதனைத் தேசிய விழாவாக ஏற்றது. கொங்கணக் கரையின் பெனே இஸ்ராயேலர், மரங்களின் புத்தாண்டான து பிஷ்வாத் நாளில் எலியா தீர்க்கதரிசியை அழைத்து ‘மலிதா’ படைக்கிறார்கள். அவலை நனைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பிசைந்து, சுற்றிலும் பழங்கள் அடுக்கிய தட்டு அது. எந்த ஊர்ச் சமூகத்தின் வழக்கத்தை எழுதுகிறீர்களோ, அந்த ஊரையும் அந்தச் சமூகத்தையும் வாக்கியத்தின் எழுவாயிலேயே குறிப்பிடுங்கள்.