முதல் சுரம் ‘ச’ இல்லை: கேட்டு வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோட்ஸ் இல்லாமல் காதால் கேட்டே பியானோவிலோ கீபோர்டிலோ பாட்டைப் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். விரல் தவறுவதும் தாளம் தடுமாறுவதும் வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை இவை.

பாட்டின் முதல் சுரத்தையே ‘ச’ என்று நினைப்பது

‘ச’ என்பது பாட்டு முழுதும் ஊன்றி நிற்கும் ஆதார சுரம். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வந்து எரிச்சலைக் கிளப்பும் தவறு இது. மாதக்கணக்கில் ஆளைத் தேங்க வைப்பதும் இதுதான்.

‘ஹேப்பி பர்த்டே’ பாட்டையே பாருங்கள். ஒரு கட்டையில், அதாவது சி கீ ‘ச’-வாக வரும் சி மேஜரில், அது ஜி-யில் தொடங்குகிறது: ப ப த ப ச நி. புதிதாக வாசிப்பவரோ கை ஜி-யில் பட்டதுமே “பாட்டு ஜி ஸ்கேல்”, அதாவது ஜி-தான் ‘ச’ என்று முடிவு கட்டிவிடுகிறார். மெலடி எப்படியோ வந்துவிடும். இடது கையில் கார்டு (ஒன்றாக அழுத்தும் சுரக்கொத்து) சேர்க்கும்போதுதான் வம்பு. கடைசி வரி எஃப்-பில் ஆரம்பிக்கிறது. ஜி ஸ்கேலிலோ எஃப் ஷார்ப்தான் உண்டு. அங்கே டி மேஜர் கார்டை வைத்தால் அதற்குள் இருக்கும் எஃப் ஷார்ப்பும் மெலடியின் எஃப்பும் முட்டிக்கொள்ளும். முடிவில் பாட்டு சி-யில் நிற்க, இடது கை ஜி கார்டில் நிற்கும். கேட்டால் “எனக்குக் காது சரியில்லை சார்” என்பார்கள். காதுக்கு ஒன்றுமில்லை.

கீயைத் தொடும் முன் பாட்டை முழுதாக முணுமுணுங்கள். ‘முடிந்தது’ என்று மனம் ஓயும் சுரத்தை இழுத்துப் பிடித்து, அதைக் கீபோர்டில் தேடுங்கள். அந்தக் கீயையும், கறுப்பு வெள்ளை இரண்டையும் எண்ணி அதற்கு மேல் ஏழாவது கீயையும் சேர்த்து அழுத்தியபடி பாடுங்கள். ச-வும் ப-வும் சேர்ந்து தம்பூரா போல ஒலிக்கும். பாட்டு அதன் மேல் ஒட்டி நின்றால் ‘ச’ கிடைத்துவிட்டது.

சில பாட்டுகள் க-விலோ ப-விலோ முடியும், சில ஒலி மெல்ல அடங்கி ஃபேட் ஆகிப் போகும். அப்போது பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தில் இறங்குகிறது என்று கவனியுங்கள். ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாக வராது.

மேஜரா மைனரா என்று பார்க்காதது

ச-வுக்கு மேல் நான்காவது கீயில் க விழுந்தால் மேஜர், மூன்றாவதில் விழுந்தால் மைனர். சி மேஜருக்கும் ஏ மைனருக்கும் அதே வெள்ளைக் கீகள்தான். அதனால் ஏ மைனர் பாட்டை சி என்று எடுத்தாலும் மெலடியில் பிழை தெரியாது. கார்டு மட்டும் கடைசிவரை உதைக்கும்.

டிரான்ஸ்போஸ் பட்டனே கதி என்று இருப்பது

விரலை மாற்றாமலே சுருதியை ஏற்றி இறக்கும் பட்டன் அது. மின்சாரம் இல்லாத அக்கூஸ்டிக் பியானோவில் அது கிடையாது.

வீடியோவில் விரலைப் பார்த்துக் காப்பியடிப்பது

அது கண்ணால் வாசிப்பது. திரையை மூடிவிட்டு 0.75 வேகத்தில் கேளுங்கள், சுருதி மாறாது.

கமகத்தைத் துரத்துவது

கமகம் என்பது சுரத்தைக் குழைத்து அசைப்பது. பியானோ கீயில் அந்தக் குழைவு வராது. இழைந்து வந்து நிற்கும் சுரத்தை மட்டும் வாசியுங்கள்.

பழைய கேசட் பதிவோடு மல்லுக்கட்டுவது

டேப்பின் வேகம் மாறியிருந்தால் சுருதி இரண்டு கீக்கு நடுவில் விழும். எந்தக் கீயும் ஒட்டாது. கீபோர்டின் டியூனிங்கை வழக்கமான 440 ஹெர்ட்ஸிலிருந்து கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். வாசித்து முடித்ததும் மறக்காமல் 440-க்கே திருப்பி வையுங்கள்.