அமெரிக்காவில் சொந்தக் காசில் சிகிச்சையா? செலவு மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்

அம்மாவுக்கு இங்கே கொலோனோஸ்கோப்பி (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்ய வேண்டி வந்தது. காப்பீடு கிடையாது; முழுச் செலவும் எங்கள் கையிலிருந்துதான். அப்போது கைகொடுத்தது, 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் ‘நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்’. காப்பீடு இல்லாதவரும், இருந்தும் பயன்படுத்தாதவரும் ‘குட் ஃபெய்த் எஸ்டிமேட்’ என்ற செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெற இச்சட்டம் உரிமை தருகிறது. திடீரென்று அவசரப் பிரிவுக்கு ஓடும்போது மட்டும் இந்த மதிப்பீடு உதவாது.

1. நாள் குறிக்கும்போதே கேளுங்கள்

‘செல்ஃப் பே’, அதாவது சொந்தக் காசில் கட்டுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குக் குறைந்தது 3 வேலை நாட்களுக்கு முன் பதிவு செய்தால், அடுத்த வேலை நாளுக்குள் மதிப்பீடு தர வேண்டும். 10 வேலை நாட்கள் முன்பே பதிவு செய்தால் 3 வேலை நாட்கள் அவகாசம். பதிவு செய்யாமல் விலை மட்டும் விசாரித்தாலும் 3 வேலை நாட்களில் தந்தாக வேண்டும்.

தொலைபேசியில் கேட்பது எனக்குப் பிடிக்காது. மருத்துவமனையின் போர்ட்டலில் (நோயாளிகளுக்கான இணையக் கணக்கில்) செய்தி அனுப்புங்கள், தேதியோடு பதிவாகும். வரும் பிடிஎஃப் கோப்பை உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. அது யாருடைய மதிப்பீடு?

பலரும் சிக்குவது இங்கேதான். எங்களுக்கு வந்த தாளில் மருத்துவரின் கட்டணமும் சிகிச்சை மையத்தின் கட்டணமும் இருந்தன. மயக்க மருந்து நிபுணர் இல்லை. திசு எடுத்தால் அதைப் பரிசோதிக்கும் ஆய்வகமும் இல்லை. இவர்கள் தனித்தனியாக பில் அனுப்புவார்கள்! எல்லோருடைய கட்டணமும் ஒரே தாளில் வர வேண்டும் என்பதுதான் விதி. அந்தப் பகுதியை அரசு இன்னும் கண்டிப்பாக அமல்படுத்தவில்லை.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: “இந்தச் சிகிச்சையில் வேறு யாரெல்லாம் எனக்கு பில் அனுப்புவார்கள்? அவர்கள் பெயரும் எண்ணும் தாருங்கள்.” பிறகு ஒவ்வொருவரிடமும் தனி மதிப்பீடு வாங்குங்கள். சிகிச்சைக் குறியீடுகள் (ஒவ்வொரு சிகிச்சைக்கும் பில்லில் போடும் குறியீட்டு எண்கள்) எல்லாத் தாள்களிலும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்கவே கூடாது.

3. பில் வந்ததும் ஒப்பிடுங்கள்

ஒருவரின் பில் அவரே தந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடலாம். கணக்கு ஆளுக்கு ஆள் தனி. மருத்துவர் 250, மையம் 250 என்று கூடுதலாகக் கேட்டால், இரண்டையும் கூட்டி 500 என்று வாதாட முடியாது.

4. முறையீடு

முதலில் பில்லிங் பிரிவில் மதிப்பீட்டைக் காட்டிக் குறைக்கச் சொல்லுங்கள். மறுத்தால், பில் தேதியிலிருந்து 120 நாட்களுக்குள் சிஎம்எஸ் (இச்சட்டத்தைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 25 டாலர். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் அது பில்லில் கழிக்கப்படும். முறையீடு நடக்கும்போது கடனை வசூல் நிறுவனத்திடம் தள்ளவோ தாமதக் கட்டணம் சேர்க்கவோ கூடாது.

பிற்சேர்க்கை: “மதிப்பீடே தர மறுக்கிறார்கள், என்ன செய்வது?” என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கையில் மதிப்பீடு இல்லாமல் மேற்சொன்ன முறையீட்டைச் செய்ய முடியாது. அதனால் சிகிச்சைக்கு முன்பே 1-800-985-3059 என்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பிசியோதெரபி போலத் தொடர்ந்து செல்பவர்களுக்கு, 12 மாதங்கள் வரைக்கும் ஒரே மதிப்பீடாகத் தரலாம். எத்தனை அமர்வுகள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.