இட்லிப் பானையில் கோஜி வளர்ப்பது எப்படி?

மிசோ என்ற ஜப்பானிய சோயா விழுது, சோயா சாஸ், சாக்கே என்ற அரிசி மது மூன்றுக்கும் அடித்தளம் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சைதான். 2006-இல் ஜப்பானின் மதுவடிப்புச் சங்கம் இதைத் தேசியப் பூஞ்சையாகவே அறிவித்தது. அரிசியில் இதை வளர்த்தால் கிடைப்பது கோஜி. இதன் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும்; புரதத்தை உடைத்துக் குளூட்டமேட்டை விடுவிக்கும். உமாமி எனப்படும் கறிச்சாறு போன்ற ஆழ்ந்த சுவை அதில்தான் இருக்கிறது.

அரை கிலோ பச்சரிசியை ஊறவைத்து, நீர் சொட்டுவது நிற்கும்வரை வடியவிடுங்கள். இட்லிப் பானையில் துணி விரித்து முக்கால் மணி நேரம் ஆவியில் வேகவையுங்கள். குக்கர் சோறு ஆகவே ஆகாது. பருக்கைகள் ஒட்டாமல் உதிர வேண்டும்.

35 டிகிரிக்கு ஆறியதும் கோஜி வித்துத்தூளைத் தூவிப் பிசறுங்கள். அளவு பொட்டலத்திலேயே இருக்கும். தூளை விலைக்குத்தான் வாங்க வேண்டும். பழைய சோற்றில் தானாகப் பூத்த பூஞ்சணத்தைத் தொடாதீர்கள். கோஜியின் நெருங்கிய உறவான ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கக்கூடியது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

ஈரத்துணியால் மூடி, 30 டிகிரியில் வையுங்கள். தெர்மாகோல் பெட்டியும் ஒரு வெந்நீர்ப் பாட்டிலும் போதும்; விலை உயர்ந்த நொதிப்புப் பெட்டியெல்லாம் வீண் செலவு. காசைக் கம்பி வெப்பமானியில் போடுங்கள். அதைச் சோற்றுக்குள் செருகித்தான் பார்க்க வேண்டும், பெட்டிக் காற்றில் அல்ல.

ஏனென்றால் முதல் அரை நாள் எதுவுமே நடக்காததுபோல இருக்கும். பிறகு பருக்கைகளில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பூஞ்சை தானே சூட்டைக் கிளப்பத் தொடங்கும். அப்போதும் வெந்நீர்ப் பாட்டில் உள்ளே இருந்தால் சூடு 40-ஐத் தாண்டும். கோஜி தளரும், பாக்டீரியா புகும், சோறு பிசுபிசுத்து அமோனியா நெடி அடிக்கும். அதனால் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்ததுமே பாட்டிலை எடுத்துவிட்டு, கட்டிகளை உதிர்த்து, இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, விரலால் பாத்திபோலக் கீறிவிடுங்கள். சென்னை மே மாதத்தில் பாட்டிலே வேண்டாம், மின்விசிறிதான் வேண்டும்.

40 முதல் 48 மணி நேரத்தில் பருக்கைகள் வெள்ளை நூலால் பின்னிக்கொள்ளும். பச்சை தட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள். 200 கிராம் கோஜி, 60 கிராம் உப்பு, 300 மில்லி தண்ணீர் கலந்து, தினமும் கிளறிவிட்டால் பத்து நாளில் ஷியோ கோஜி என்ற உப்புக் கோஜி விழுது தயார். மீனில் தடவி ஊறவைத்துப் பொரிக்கலாம். சர்க்கரை இருப்பதால் சட்டென்று கருகும். தீ சிறியதாக இருக்கட்டும்.

பிற்சேர்க்கை: ஏசி அறையில் வைத்தவர்கள் பூஞ்சை படரவில்லை என்கிறார்கள். அரிசி காய்ந்துவிடுவதுதான் காரணம். துணியை மீண்டும் நனைத்துப் பிழிந்து போடுங்கள். கறுப்பு, ஆரஞ்சுத் திட்டுகள் தெரிந்தால் யோசிக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.