ஊருக்குப் போகிற வழியில் அவலோகிதன் மலை: ஹனோயில் ஒரு நாள், துடுப்புப் படகில்

மெல்பர்ன், சிட்னி, டோக்கியோ, சோல் பக்கமிருந்து ஊருக்குப் போகிற நம் ஆட்களுக்கு வியட்நாம் வழியில் இருக்கிற நாடு. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் விமானம் மாறி அலுத்தவர்கள் ஒருமுறை ஹனோய் வழியாக டிக்கெட் பாருங்கள். பார்த்தால், நடுவில் இரண்டு இரவு தங்குகிற மாதிரி எடுங்கள். அதில் ஒரு முழுப் பகலை ஹுவாங் மலைக்கு ஒதுக்கிவிடுங்கள். நான் இரண்டு தடவை போனேன். இரண்டாவது தடவை, எங்களோடு மெல்பர்னில் ஆறு மாதம் இருந்துவிட்டு அம்பாசமுத்திரம் திரும்பிய அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது பயணத்தில் தெரிந்துகொண்டது.

ஏன் இந்த மலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஹுவாங் மலைக் குகையில் இருக்கும் தெய்வத்தை வியட்நாமியர்கள் குவான் ஆம் என்கிறார்கள். கருணையே உருவான பெண் தெய்வமாக வணங்குகிறார்கள். பெயரை வடமொழி வரைக்கும் பின்தொடர்ந்து போனால் அது அவலோகிதேசுவரர் என்ற பௌத்த போதிசத்துவர். 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கேட்டுத் தெரிந்துகொண்டது இந்த அவலோகிதனிடம்தான் என்கிறது. அவலோகிதன் இருக்கும் மலைக்குப் பௌத்த நூல்களில் போதலகம் என்று பெயர். அது நம் பொதிகைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பொதிகை அடிவாரத்தில் பிறந்து, பாபநாசத்தில் அகத்தியர் அருவியில் குளித்து வளர்ந்தவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தமிழுக்கே ஆசான் என்று ஒரு காலத்துத் தமிழர் நம்பிய தெய்வத்தை, இன்றும் லட்சக்கணக்கானோர் படகில் போய்க் கும்பிடுகிற இடம் அது. ஊருக்குப் போகிற வழியில் அங்கே ஒரு நாள் நிற்பது, என்னைப் பொறுத்தவரை, ஊருக்குப் போவதில் ஒரு பகுதி.

சரி, எப்போது போவது? சந்திர நாள்காட்டியின் முதல் மாதம் 6ஆம் நாள் திருவிழா தொடங்கி, மூன்றாம் மாதம் முடியும்வரை நடக்கிறது. நம் கணக்கில் பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. குவான் ஆமுக்கு உகந்த இரண்டாம் மாதம் 19ஆம் நாளில் கூட்டம் மலையை மூடிவிடும். தைப்பூசத்துக்குப் பழனி போனவர்களுக்கு அந்தக் கூட்டம் புதிதல்ல, ஆனால் வயதானவர்களும் குழந்தைகளும் கூட இருந்தால் வேண்டாம். டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ, அதாவது பொங்கலுக்கு ஊர் போகிற வழியில் போனால் ஓடை உங்களுக்கே உரியது மாதிரி அமைதியாக இருக்கும். குளிரும், பனித்தூறல் விழும், அதனால் ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் போகிறவர்களுக்கு வெயிலும் மழையும் இரண்டும் உண்டு. அக்டோபர், நவம்பரில் ஓடை நெடுக அல்லி பூத்துக் கிடக்கும். மார்ச்சில் கரையோரம் முள்ளிலவு இலையே இல்லாமல் சிவப்பாகப் பூக்கும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: வியட்நாமியப் புத்தாண்டான டெட் வரும் வாரத்தில் வழித்தங்கல் வைக்காதீர்கள். கடைகள் அடைத்திருக்கும், வண்டி கிடைக்காது, ரயிலும் விமானமும் நிரம்பி வழியும். டெட் ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் ஏதோ ஒரு நாளில் வரும்.

விசா விஷயம் சுருக்கமாக. ஆஸ்திரேலிய, கனடிய, இந்திய, இலங்கை பாஸ்போர்ட் எது வைத்திருந்தாலும் மின்விசா வேண்டும். பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் பாஸ்போர்ட் என்றால் 45 நாள் வரை விசா இல்லாமலே இருக்கலாம். ஆகஸ்ட் 2023 முதல் மின்விசா 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 அமெரிக்க டாலர், பலமுறை நுழைய 50. போகும்போதும் திரும்பும்போதும் இறங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவதை எடுங்கள். அரசுத் தளம் மாதிரியே தோற்றமளித்துக் கூடுதல் பணம் வாங்கும் தளங்கள் நிறைய. முகவரி வியட்நாம் அரசுக்குரிய .gov.vn என்ற எழுத்துகளில் முடிகிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அப்பா பெயர் உட்பட, ஓர் எழுத்தும் விடாமல் எழுதுங்கள். நம் பெயர்களில்தான் முதற்பெயர், குடும்பப்பெயர் குழப்பம் அதிகம்.

ஹனோயிலிருந்து மலை தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டர். மூன்று வழி இருக்கிறது. குழுச்சுற்றுலாவில் போகலாம், தனிக் கார் எடுக்கலாம், பேருந்தில் போகலாம். முதல் தடவை நான் ஒரு முகவரின் குழுவோடு போனேன். வழியில் கைவினைக் கடை ஒன்றில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, குகைக்குள் இருபது நிமிடம்தான் கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு, கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் வெளியே வந்ததில் எனக்கு ரொம்ப வருத்தம். நான்கு பேராக இருந்தால் நாள் வாடகைக்குக் கார் பேசிக்கொள்வதே நல்லது. இளவட்டங்கள் காட் லின் நிலையத்தில் மெட்ரோ ஏறி, கடைசி நிலையமான யென் ங்கியாவில் இறங்கி, அங்கிருந்து 75ஆம் எண் பேருந்தில், மலை இருக்கிற ஹுவாங் சோன் போகலாம். செலவு மிகக் குறைவு, நேரம் கூடுதல். எப்படிப் போனாலும் காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுங்கள்.

படகுத்துறைக்குப் பெயர் டுக் துறை. 2024இல் நுழைவுச்சீட்டு 1,20,000 டோங், படகுக்கு ஆளுக்கு 85,000 டோங். பூஜ்யங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டும் சேர்ந்து பத்து அமெரிக்க டாலருக்குள்தான். சீட்டை முகப்பிலேயே வாங்குங்கள், வழியில் பைக்கில் துரத்தி வந்து விற்பவர்களிடம் வேண்டாம். கழிப்பறைக்கு இங்கேயே போய்விடுங்கள். சர்க்கரை வியாதிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிற பெற்றோரைக் கூட்டி வருகிறவர்கள் இதை மறக்கவே கூடாது, ஏனென்றால் அடுத்த ஒரு மணி நேரம் தண்ணீர்மேல்தான்.

படகு அடி தட்டையான இரும்புத் தோணி. நாலைந்து பேர் உட்காரலாம். இருக்கை தாழ்வு, சாய்மானம் கிடையாது. முதுகுவலி உள்ளவர்கள் கனமான துண்டு ஒன்றை மடித்துக் கொண்டுபோனால் உதவும். உயிர்காப்புச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வலிப்பவர்கள் அநேகமாகப் பெண்கள், அந்த ஊர்க்காரர்கள். யென் ஓடையில் நாலு கிலோமீட்டர் போக வேண்டும். மோட்டார் கிடையாது. துறையின் சத்தம் அடங்கினதும் துடுப்பு தண்ணீரில் இறங்கும் சளப்பும், ஏறும்போது சொட்டும் ஒலியும் மட்டும்தான் மிஞ்சும். இரண்டு பக்கமும் நெல்வயல், அதற்குப் பின்னால் நெட்டுக்குத்தாகச் சுண்ணாம்புக்கல் மலைகள். தூறலில் ஒவ்வொரு மலையாக மறைந்து மறைந்து தெரியும். சின்ன வயதில் காரையார் அணையில் பாணதீர்த்தத்துக்குப் படகில் போனதை அம்மா நினைத்துக்கொண்டார். "அங்கேயும் இப்படித்தான்யா, மலை நம்ம கிட்ட வர்ற மாதிரி இருக்கும்" என்றார். எங்களுக்குப் படகு வலித்த அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அறுபது வயது இருக்கும். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் முழங்காலைத் தொட்டுக் காட்டி இருவரும் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

கொஞ்ச தூரத்தில் படகு ட்ரின் கோயிலில் நிற்கும். மலைக்குப் போகுமுன் இங்கே வந்து "வந்திருக்கிறோம்" என்று தெரிவித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பது வழக்கம். எல்லைச்சாமியிடம் உத்தரவு வாங்குகிற அதே மரபு. இதைத் தவிர்த்துவிட்டு நேரே போகலாம் என்று உடன் வருபவர்கள் சொன்னால் கேட்காதீர்கள், பத்து நிமிடம்தான் ஆகும். தட்டில் வெற்றிலையும் பாக்கும் வைத்துப் படைத்திருந்ததைப் பார்த்து அம்மா நின்றுவிட்டார். வெற்றிலைக் காம்பு கிள்ளாமல் முழுதாக இருந்தது. கைப்பையில் இருந்த குங்குமத்தை எடுக்கப் போனவரைத் தடுத்து, மூன்று ஊதுபத்தி வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் கோயிலில் அவர்கள் முறைப்படி செய்வதுதான் சரி. காசைச் சிலைமேல், விளிம்புகளில் எல்லாம் செருகாமல் உண்டியலில் போடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும்.

படகிலிருந்து இறங்கிக் கொஞ்சம் நடந்தால் தியென் ட்ரூ விகாரை. பெயருக்கு வானத்துச் சமையலறை என்று பொருள். மேலே ஏறுமுன் இங்கே சாப்பிட்டுவிடலாம். விழாக்காலத்தில் வழியோரக் கடைகளில் இறைச்சியும் இருக்கும். சைவக்காரர்கள் மனம் வருந்த வேண்டாம், சைவச் சாப்பாடும் கிடைக்கும். சைவத்துக்கு அவர்கள் சொல் 'சய்'. கைபேசியில் வியட்நாமிய எழுத்திலேயே எழுதி வைத்துக் காட்டுங்கள். வெறும் காய்கறி என்று கேட்டால் மீன்சாறு ஊற்றித்தான் தருவார்கள், 'சய்' என்றால் அதுவும் இருக்காது. ராவ் சாங் என்று ஒரு கீரை இந்த மலையில் விளைவது, அதைச் சூப்பாக வைப்பார்கள், இளம் தித்திப்பாக இருக்கும். விழா இல்லாத மாதங்களில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதால் நாங்கள் ஹனோய் அறையிலேயே எலுமிச்சைச் சாதம் கிளறி எடுத்துப் போயிருந்தோம்.

இங்கிருந்து குகைக்குக் கல்படி ஏற்றம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2006 முதல் கம்பிவடப் பெட்டியும் (கேபிள் கார்) ஓடுகிறது. என் யோசனை இது: முட்டி நன்றாக இருப்பவர்கள் ஏறும்போது நடங்கள், இறங்கும்போது பெட்டியில் வாருங்கள். எத்தனையோ தலைமுறைக் கால் பட்டு அந்தக் கற்கள் வழுவழுவென்று இருக்கின்றன. தூறல் விழுந்தால் இறக்கத்தில்தான் வழுக்கும். பெரியவர்களுக்கு இரண்டு வழியும் பெட்டிதான். நடந்து ஏறுகிறவர்களுக்கு ஒரு வரம் உண்டு. எதிரே வருகிற அந்நியர்கள் கைகூப்பி அமிதாப புத்தர் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள். அவர்கள் சொல்லும் 'நம் மோ' நம் 'நமோ'தான். பதிலுக்குக் கைகூப்பினால் முகம் மலரும்.

மேலே போன பிறகு, குகைக்கு உள்ளே இறங்கச் சுமார் 120 படி. குகை வாய் டிராகன் வாயைத் திறந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். வாசல் பாறையில் ஐந்து சீன எழுத்துகள், 1770இல் ட்ரின் சாம் என்ற ஆட்சியாளர் செதுக்க வைத்தவை: தென்வானின் முதற்குகை. உள்ளே ஊதுபத்திப் புகையும் ஈரக்கல் வாசமும். மேலிருந்து தொங்கும் பாறைகளுக்கும் கீழிருந்து வளர்ந்த பாறைகளுக்கும் நெற்குவியல், பொன், வெள்ளி என்று பெயர். பிள்ளை வரம் கேட்பவர்கள் தொட்டுக் கும்பிடும் பாறைகள் தனியே இருக்கின்றன. தாய்ப்பால் பாறை என்று ஒன்று, அதன் நுனியிலிருந்து சொட்டும் நீரைக் கையில் ஏந்தி முகத்தில் தடவிக்கொள்கிறார்கள். நடுவில் பச்சைக்கல்லில் குவான் ஆம்.

கதை தெரிந்து போனால் நிற்கிற நிலையே வேறு. ஓர் அரசனின் மூன்றாம் மகள் ஸியூ தியென் திருமணம் மறுத்து, இந்த மலையில் ஒன்பது ஆண்டு தவமிருந்தாள். தன்னைக் கொல்லத் துணிந்த அப்பா தீராத நோயில் விழுந்தபோது, மருந்துக்காகத் தன் கண்களையும் கைகளையும் கொடுத்தாள். அவள்தான் குவான் ஆம் ஆனாள் என்பது நம்பிக்கை. குகை வாசலில் இதை அம்மாவிடம் சொன்னேன். "கண்ணப்பர் மாதிரி" என்று மட்டும் சொன்னார். உள்ளே முக்கால் மணி நேரம் ஒரு கல்லில் உட்கார்ந்தே இருந்தார். உங்கள் வண்டிக்காரர், வழிகாட்டி யாராக இருந்தாலும் இந்த முக்கால் மணி நேரத்தைக் காலையிலேயே பேசி வாங்கிவிடுங்கள்.

திரும்பும் படகில் வலிப்பவருக்கு ஏதாவது கொடுப்பது வழக்கம். கொடுங்கள், அவர்கள் உழைப்புக்கு அது தகும். தொகையை ஏறும்போதே மனதில் முடிவு செய்து, சில்லறை நோட்டாகத் தனியே வையுங்கள். 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலம். மங்கின வெளிச்சத்தில் நான் ஒரு பெரிய நோட்டை 20,000 என்று நினைத்து மற்றவற்றோடு சேர்த்து நீட்டிவிட்டேன். அந்த அம்மா அதைத் தனியே எடுத்து, பூஜ்யங்களை விரலால் எண்ணிக் காட்டி, என் கையிலேயே திருப்பி மடித்து வைத்தார்.

நாலு மணிக்குப் படகு ஏறினால் ஏழு மணி சுமாருக்கு ஹனோய் வந்துவிடலாம். அன்றிரவு விமானம் வைக்காதீர்கள். நோய் பாய் விமான நிலையம் நகருக்கு வடக்கே, மலையோ தெற்கே, நடுவில் மாலை நெரிசல் முழுவதும். மறுநாள் காலை நேரம் கிடைத்தால் பழைய நகரத்தில் ஹாங் டுவாங் தெருவுக்குப் போய் ஓ மாய் வாங்குங்கள். மோ என்கிற புளிப்புப் பழத்தை உப்பு, சர்க்கரை, இஞ்சி போட்டு உலர்த்தியது. கெட்டுப்போகாது, எடையும் குறைவு. சாறாகவோ ஊறலாகவோ பாட்டிலில் வாங்கினால் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் போட்டுவிடுங்கள். நாங்கள் அரைக் கிலோ எடுத்துப் போனோம். அம்பாசமுத்திரத்தில் பெரியம்மா ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "இலந்தை வடை மாதிரில்லா இருக்கு" என்று இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.