ஒரு மணி நேர உழைப்புக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

19 வருஷமாகச் சம்பளப் பட்டியல் போடுவதுதான் என் வேலை. அத்தனை பேர் சம்பளத்தையும் பிசகாமல் கணக்குப் பார்த்தும், ஒரு மணி நேரத்துக்கு என்ன வருகிறது என்று யாருக்கும் போட்டுப் பார்த்ததில்லை. போன வருஷம் தம்பி வந்து, "அக்கா, புது இடத்துல மாசம் ஆறாயிரம் கூட. சரின்னு சொல்லிடவா?" என்று கேட்டபோதுதான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம்.

அவனுக்கு அப்போது மொத்தச் சம்பளம் மாதம் 60,000, வருஷத்துக்கு 7,20,000. வாரம் 40 மணி நேரம், 52 வாரம் என்றால் 2,080 மணி நேரம். வகுத்தால் 346. பெரும்பாலானவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். இந்த எண் ரொம்பவும் ஏமாற்றும்.

முதலில் பணத்தைச் சரிசெய்யுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று இருப்பதெல்லாம் ஒன்றல்ல. வரி போனது போனதுதான், அதைக் கழியுங்கள். ஓய்வுக்காலத்துக்காகப் பிடிப்பது உங்கள் பணம், பிறகு வரும். அதைக் கழிக்க வேண்டாம். கடன் தவணையும் கழிக்கக் கூடாது, அது நீங்கள் செய்த செலவு. அடுத்து, வேலைக்குப் போவதாலேயே ஆகும் செலவு: பயணம், வெளிச்சாப்பாடு, அலுவலகத்துக்கென்று எடுக்கும் துணி. தம்பிக்கு வரி 4,000, இந்தச் செலவு 6,000. மிச்சம் மாதம் 50,000, வருஷம் 6,00,000.

இனி நேரம். வாரம் 5 நாள் என்றால் வருஷத்துக்கு 260 நாள். அதில் விடுமுறையும் விடுப்புமாக 25 நாள் கழித்தால் வேலை நாள் 235, நாளுக்கு 8 மணி வீதம் 1,880 மணி நேரம். ஆனால் வேலை தின்பது அந்த 8 மணி நேரத்தை மட்டுமா? நினைவை நம்பாமல் ஒரு வாரம் எழுதிப் பார் என்றேன். எழுதினான். போக வர ஒன்றரை மணி. காலையில் கிளம்ப அரை மணி. ராத்திரி சாப்பிட்ட பிறகு மேலதிகாரியின் மெசேஜுக்குப் பதில், மறுநாள் மீட்டிங்குக்கு ஒரு ஷீட் என்று இன்னொரு அரை மணி. இந்தக் கடைசி அரை மணியை அவன் அதுவரை வேலையாகவே எண்ணியிருக்கவில்லை. ஆக நாளுக்கு 10.5 மணி நேரம், வருஷத்துக்கு ஏறக்குறைய 2,468. ஆறு லட்சத்தை அதால் வகுத்தால் 243.

346 எங்கே, 243 எங்கே! எனக்கே மனசு கனத்துப் போனது.

இந்த எண்ணை எங்கே பயன்படுத்துவது? ஒரு பொருள் 12,000 என்றால் அது சுமார் 49 மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு வாரம் வேலைக்குப் போய்வந்த உழைப்பு. அப்படிப் பார்த்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள்.

ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். "என் நேரம் மணிக்கு 243, அதனால் வீட்டு வேலைக்கு 150 கொடுத்து ஆள் வைத்தால் 93 லாபம்" என்பது மாதச் சம்பளக்காரருக்குச் சரிவராது. மிச்சமான அந்த ஒரு மணிக்கு யாரும் கூடுதல் சம்பளம் தரப்போவதில்லை. ஓவர்டைம் கிடைக்கிறது, அல்லது தனியாக வேலை எடுத்துச் செய்கிறீர்கள் என்றால்தான் அது லாபம். அப்போதும் அந்தக் கூடுதல் வருமானத்துக்கு வரும் வரியைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்த 150 ஓய்வுக்குக் கொடுக்கும் விலை. கொடுக்கலாம், தப்பே இல்லை. லாபம் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் பில் போட முடிந்த மணிகளை மட்டும் வைத்து வகுக்கக் கூடாது. வாடிக்கையாளரோடு பேசியது, பாக்கிக்காக அலைந்தது எல்லாம் கணக்கில் வரட்டும். வீட்டில் குழந்தைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சம்பளம் இல்லை என்பதால் இந்த வகுத்தலே செல்லாது. அவர்கள் நேரத்தைப் பூஜ்யம் என்று எழுதும் கணக்கை நான் ஏற்கவே மாட்டேன். அதே வேலைக்கு வெளியாள் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

சரி, தம்பியின் புது வேலை. சம்பளம் 66,000. வரி 5,000, செலவு 7,000 போக மாதம் 54,000, வருஷம் 6,48,000. ஆனால் பயணம் நாளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுகிறது, மொத்தம் 2,703 மணி. வகுத்தால் 240. ஆறாயிரம் கூடியும் மணிக்கு மூன்று குறைகிறது!

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டான், ஒத்துக்கொண்டார்கள். வாரக் கணக்கில் பார்த்தால் பயண நேரம் பழைய அளவுக்கே வந்தது, மணிக்கு 263 ஆனது. இதெல்லாம் வாய்ப்பேச்சோடு நிற்கக் கூடாது என்று, அந்த இரண்டு நாளையும் ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்கிய பிறகுதான் கையெழுத்துப் போடச் சொன்னேன்.