பிரசங்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசங்கத்தில் நடக்கிற தவறுகளிலேயே பெரியது, சொல்ல வேண்டியதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒத்துப்போகிற வசனத்தை அப்புறம் தேடுவது. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற அந்த வசனத்தை வைத்து, இந்த மாதமே வேலை கிடைக்கும், கடன் தீரும் என்று எத்தனை பேர் பிரசங்கித்திருக்கிறார்கள்! அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின நிருபம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள் என்கிறது. முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதாவது கேட்டவர்களில் பலர் திரும்பிப் போகாமலே அங்கே இறந்துபோவார்கள். இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னான். ஜனங்களைப் பொய்யை நம்பப்பண்ணினாய் என்று எரேமியா அவனைக் கண்டித்தார். எரேமியாவின் வசனத்தை வாசித்துவிட்டு அனனியாவின் செய்தியைச் சொன்னால், வருஷக்கணக்காகக் காத்திருந்து நொந்துபோன விசுவாசிக்கு அந்த வேதபகுதி தருகிற உண்மையான ஆறுதல் போய்ச் சேராது. அவர் தன் விசுவாசத்தில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். எனக்கு இதில்தான் மிகவும் வருத்தம்.

நெகேமியா 8:8-இல் லேவியர், அதாவது ஆலய ஊழியக்காரர், வேதத்தை வாசித்தார்கள், அர்த்தம் சொன்னார்கள், விளங்கப்பண்ணினார்கள். வாசித்த கையோடு கதைக்கும் சாட்சிக்கும் தாவிவிட்டால் நடுவில் உள்ள அந்த அர்த்தம் சொல்கிற வேலை விட்டுப்போகிறது.

அடுத்தது, பிடித்த பகுதிகளையே சுற்றிச் சுற்றி வருவது. ஒரு புத்தகத்தை எடுத்து வரிசையாகப் பிரசங்கித்தால் போதகர் தவிர்க்க நினைக்கிற வசனமும் ஒரு நாள் வந்தே தீரும். சபைச் சீர்திருத்தத் தலைவர்களில் ஒருவரான சுவிங்கிலி 1519-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் மத்தேயு முதல் அதிகாரத்திலிருந்து இப்படித்தான் தொடங்கினார். 1538-இல் ஜெனீவாவிலிருந்து விரட்டப்பட்ட இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் 1541-இல் திரும்பி வந்து, பழைய சண்டையைப் பேசாமல், தான் விட்ட இடத்திலிருந்து அடுத்த பகுதியை எடுத்தார். சபைக்குள் யாரோடாவது மனஸ்தாபம் என்றால் அதை மேடையிலிருந்து ஜாடையாகக் குத்திக் காட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் பதில் பேச முடியாத இடம் அது, அங்கே அப்படிச் செய்வது அநியாயம்.

கேட்கிறவர்கள் பக்கமும் தவறு உண்டு. நல்லா பேசினார், அழவைத்தார் என்று சொல்லிவிட்டு வேதத்தைத் திறந்து பார்க்காமலே விட்டுவிடுகிறோம். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள், அதுவும் ஆசையோடு வசனத்தை ஏற்றுக்கொண்டபடியே. அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. ஆகவே ஆராதனை முடிந்ததும் ஒருவர் வந்து, ஐயா, அந்த வசனத்துக்கு முன்னால் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டால், போதகர் முகம் சுளிக்காமல் அவரோடு உட்கார்ந்து அந்த அதிகாரத்தை முழுசாக வாசிக்கட்டும்.